ஸ்டியரிங்குக்கு ஒரு சட்டை

சென்ற சித்திரையில் என் தமக்கையின் மகள், குரோஷா ஊசி கொண்டு தன் கையாலேயே பின்னி, மஞ்சளும் வெள்ளையுமாகப் பூ வேலை செய்து, என் காரின் ஸ்டியரிங்குக்கு ஓர் உறை கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனாள். பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியவுடன் கை சுடாமலிருந்த சௌகரியத்தையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் நாலாம் நாள் உச்சிவேளையில், வியர்த்த கையோடு எங்கள் தெருமுனையில் வண்டியை இடப்புறம் ஒடித்தபோது, உறை என் கையோடு சுற்றி வந்ததே தவிர, அதனுள்ளிருந்த சக்கரம் பாதிதான் திரும்பிற்று. எதிரே வந்த தயிர்க்காரர் சமயோசிதமாகச் சைக்கிளை ஓரங்கட்டியதால், அன்று எனக்குக் கிடைத்தது அவருடைய வசவு மட்டுமே.

கைவேலையின்மீது குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், பூவேலை எவ்வளவு நேர்த்தியாயிருப்பினும், அது மனிதனுக்கும் அவன் பிராணனைக் காக்க வைத்த சாதனத்துக்கும் நடுவே போய் உட்காருமானால், அவ்விடத்தில் அதற்கு வேலையில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஸ்டியரிங்கையே எடுத்துக்கொள்வோம். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் தயாராகும் கார்களில் ஓட்டுநர்பக்க ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. ஹாரன் அடிக்கும் நடுப்பலகைக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் இந்தக் காற்றுப்பை, பலத்த மோதல் நேர்ந்தால் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்குக்குள் வெடித்து விரிந்துவிடும். அந்தப் பலகையின்மேல் பின்னிய பூவோ, அதில் கோத்த மணியோ இருக்குமாயின், அத்தனை வேகத்தோடும் அது பாய்வது ஓட்டுநரின் முகத்தை நோக்கித்தான். சில வண்டிகளில் இருக்கையின் விலாவிலும் ஏர்பேக் உண்டு; அங்கே தைத்திருக்கும் சிறு சீட்டைப் பார்த்து அறிந்துகொள்ளலாம். அத்தகைய இருக்கைக்கு விலாப்புறமும் மூடிய உறையை மாட்டுவது, அவசரத்தில் திறக்கவேண்டிய கதவைத் தாழிட்டு வைப்பதாகும்.

சீட் பெல்ட்டுக்குச் சுற்றும் மெத்தென்ற பட்டையும் இப்படித்தான். தோள் உறுத்தாமலிருக்க அது உதவுவது மெய். ஆனால் தடித்த பின்னல், மோதும் கணத்தில் நசுங்கி, உடம்புக்கும் பெல்ட்டுக்கும் இடையே தொளதொளப்பை உண்டாக்கும். பெல்ட் சுருண்டு உள்ளே போவதையும் தடுக்கும். பெல்ட் அணியாதவனுக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கும் சட்டம், அணிந்தும் பயன்படாமல் போனவனுக்கு என்ன செய்ய முடியும்? குழந்தைகளின் இருக்கைப் பெல்ட்டில் இதைச் சேர்க்கவே வேண்டாம்.

கியர்க் குமிழுக்குப் பாவாடை போல் தொங்கும் உறை, ரிவர்ஸ் போடத் தூக்கவேண்டிய வளையத்தை மறைக்கும். கைப்பிரேக்கின் நுனிப் பொத்தானை இறுக்கி அழுத்திக்கொண்டிருக்கும் உறை, மேட்டில் நிறுத்திய வண்டியை உருட்டிவிடும். அமிகுருமி என்று ஜப்பானியப் பெயரால் வழங்கும் உருண்டைப் பொம்மைகள் இப்போது டாஷ்போர்டில் வரிசையாகக் குடியேறியிருக்கின்றன; அவற்றுள் ஒன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ள ஒரு திருப்பம் போதும். முன்பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்று அளவு வகுத்திருக்கிறது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. பார்வைக்கு அவ்வளவு மதிப்புத் தந்திருக்கையில், உள்கண்ணாடியில் ஊசலாடும் குஞ்சத்தை நாமே கட்டித் தொங்கவிடுவானேன்?

நூலையும் சோதித்துப் பார்ப்பது நலம். துண்டு நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தீக்குச்சியைக் காட்டினால், பருத்தி காகிதம் எரியும் வாடையோடு மென்சாம்பலாகும். கம்பளி மயிர் கருகும் நாற்றம் வீசி, நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் அணையும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும். உருகிய நூல் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைவில் வைப்போமாக. கார் உள்ளறைப் பொருள்கள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்பதற்கு ஐ.எஸ். 15061 என்ற இந்தியத் தரநிர்ணயம் உண்டு. கடையில் சிட்டமாக வாங்கும் நூல் அந்தப் பரீட்சைக்கு உட்பட்டு வருவதில்லை.

ஹெட்ரெஸ்டின் உயரம் மாற்றும் பொத்தானை மறைக்காத உறை, பின்புறம் கட்டிவைத்த காகிதக் கைக்குட்டைப் பெட்டிக்கான கூடு ஆகியவற்றால் பெரிய தீங்கில்லை. ஸ்டியரிங்குக்கு உறை வேண்டியேயிருப்பின், வளையத்தை மட்டும் அளவெடுத்துச் சற்றுக் குறைவாகப் பின்னி, உட்புறம் வழுக்காத ரப்பர் துணி வைத்து, சுற்றிலும் நூலால் இறுக்கித் தைக்கவேண்டும். வண்டி நிற்கையில், ஈரக்கையால் இருபுறமும் பிடித்து முறுக்கிப் பார்த்து, இம்மியளவு நகர்ந்தாலும் கழற்றிவிடுக. வளையல் அணிந்தவர்கள் தொங்கும் நூற்கண்ணி ஏதும் இல்லையா என்றும் பார்க்கவேண்டும்.

விலை கொடுத்து வாங்கிய பொருள் வழுக்கியோ பிரிந்தோ போனால், வீட்டில் செய்தது என்பதற்காக உரிமை குறைந்துவிடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைச் செய்து விற்பவர் எவராயினும், அதன் குறையாலோ போதிய எச்சரிக்கை தராததாலோ நேரும் தீங்குக்கு அவரைப் பொறுப்பாக்குகிறது. பில், விளம்பரத்தின் படம், பணம் செலுத்திய அத்தாட்சி ஆகியவற்றோடு, அந்த உறையையும் துவைக்காமல் வைத்திருங்கள். இணையவழிக் கடையாயின் அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு வருஷத்துக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாயைத் தாண்டாதவரை கட்டணம் கிடையாது. குரோஷா உறைக்கு அந்தக் கவலை யாருக்கும் வராது.

ஆனால் விலையின்றி வந்த அன்பளிப்புக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே, "ஏன் மாமா கழற்றிட்டீங்க?" என்று அவள் கேட்டபோது, தயிர்க்காரரிடம் நான் வாங்கிய வசவை மட்டும் அப்படியே திருப்பிச் சொன்னேன்.