எரியாத ஏர்பேக் லைட்டும் 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் காரும்

போன மாசம் நெய்வேலிக்குப் போயிருந்தேன். அத்தை பையனுக்கு டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ் கிடைச்சிருக்கு. வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம். நைட் ஷிப்ட் முடிச்சு பைக்ல வர்றதைப் பார்த்து அத்தைக்குப் பயம், அதனால ஒரு செகண்ட் ஹேண்ட் கார் பார்த்து வச்சிருந்தான். 2018 மாடல், சிங்கிள் ஓனர், 41 ஆயிரம் கிலோமீட்டர், விலை 4 லட்சத்து 60 ஆயிரம்.

"அண்ணா, வண்டியை நான் பார்த்துட்டேன். நீ கணக்கு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றான்.

சரி, கணக்கு. கையில் இருந்து 1 லட்சத்து 60 ஆயிரம், மீதி 3 லட்சம் லோன். 12 சதவீத வட்டி, 4 வருஷம். இஎம்ஐ சுமார் 7,900 ரூபாய். மொத்த வட்டி 79 ஆயிரத்துச் சொச்சம். (வீட்டுக் கடன் மாதிரி இதுக்கும் வரிச் சலுகை உண்டான்னு கேட்டான். சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வாங்குற பெட்ரோல் காருக்குக் கிடையாது.) அவன் சம்பளத்துக்கு இது தாங்கும். அதனால ஓட்டிப் பார்க்கலாம்னு கிளம்பினோம்.

சாவியைத் திருப்பினதும் மீட்டர்ல வரிசையா லைட் வந்தது. இன்ஜின், பேட்டரி, ஆயில், ஏபிஎஸ், ஹேண்ட் பிரேக். ஆனா ஏர்பேக் லைட் வரவே இல்லை.

நம்மில் பல பேர் இதை நல்ல செய்தின்னு நினைப்போம். அப்படி இல்லை. சாவி போட்டதும் அந்த லைட் சில விநாடி எரிஞ்சு தானா அணையணும். அதுதான் ஏர்பேக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதிச்சுட்டு "நான் நல்லா இருக்கேன்" என்று சொல்ற முறை. எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறு. எரியவே இல்லைன்னா அதைவிட மோசம், ஏன்னா யாரோ அந்தக் கோளாறை நம்ம கண்ணுக்குத் தெரியாம மறைச்சிருக்கலாம்.

கொண்டுவந்தவர்கிட்ட கேட்டேன். "அது சென்சார் பிரச்சினை சார், 500 ரூபாய் வேலை" என்றார். மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கொண்டுபோய் ஸ்கேனர் போட்டோம். கன்ட்ரோல் யூனிட்ல பழைய மோதல் ஒண்ணு பதிவாகி இருந்தது. டிரைவர் ஏர்பேக் சர்க்யூட் ஓப்பன். மெக்கானிக் ஸ்டியரிங் நடுவுல இருக்கிற மூடியைத் தட்டிக் காட்டினார். மூடி புதுசு, ஸ்டியரிங் பழசு, நிறமே சேரலை. உள்ளே பை இல்லை.

அதாவது இந்தக் கார் ஒரு தடவை எங்கேயோ மோதி, பை விரிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் வெளியே டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் அழகா பண்ணியிருக்காங்க. உள்ளே இருக்க வேண்டியதை மட்டும் வாங்கிப் போடலை.

இங்கே நம்ம தொழில் கொஞ்சம் உதவிச்சு. பழைய இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கினேன். அதுல என்சிபி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், 20 சதவீதம்னு இருந்தது. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் இது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். 2018ல் இருந்து ஒரே ஓனர், இடைவெளி விடாம பாலிசி, கிளெய்மே இல்லைன்னா இந்நேரம் 50ல் நிற்கணும். 20ல் நிற்குதுன்னா அதுக்கு முந்தின வருஷம் கிளெய்ம் வாங்கியிருக்காங்க. அந்தப் பணம் ஏர்பேக்குக்கும் சேர்த்து வந்ததா, வந்து எங்கே போச்சு? யாரும் சொல்லப் போறதில்லை. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறவங்க ஆர்சி காப்பி கேட்கிற மாதிரி பழைய பாலிசி காப்பியும் கேளுங்க. காசு செலவில்லாத சோதனை.

புது காராவே இருந்து பை விரியலைன்னா?

இதுக்கு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு இருக்கு. டெல்லியில் ஒருத்தர் 2015 ஆகஸ்ட்ல ஹூண்டாய் கிரெட்டா வாங்கினார். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிற ஆலையில் தயாராகிற வண்டிதான். 2017 நவம்பர்ல டெல்லி - பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து. தலை, மார்பு, பல் எல்லாம் அடி. முன் ஏர்பேக் விரியலை. அவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். போதுமான வேகத்தில், போதுமான விசையோட மோதினாதான் பை விரியும் என்பது கம்பெனியின் வாதம். மாநில ஆணையம், தேசிய ஆணையம் ரெண்டும் அதை ஏற்கலை. 2022 ஏப்ரல் 20ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் ஏற்கலை. வேகம், விசை பற்றிய கோட்பாடுகளை வச்சு மோதலின் தாக்கத்தைக் கணக்குப் போட, கார் வாங்குறவர் இயற்பியல் நிபுணரா இருக்கணும்னு எதிர்பார்க்க முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். மருத்துவச் செலவு, வருமான இழப்புக்கு 2 லட்சம், மன உளைச்சலுக்கு 50 ஆயிரம், வழக்குச் செலவுக்கு 50 ஆயிரம், அதோட வண்டியையும் மாற்றித் தரணும்.

என் கணக்குப் புத்திக்கு இதுல முக்கியமா பட்டது கால வரம்பு. நுகர்வோர் வழக்குக்கு 2 வருஷ வரம்பு உண்டு. வண்டி வாங்கின நாளில் இருந்து எண்ணினா அது எப்பவோ முடிஞ்சிருக்கும். ஆனா ஏர்பேக் வேலை செய்யுமான்னு மோதினாதானே தெரியும்? அதனால குறை வெளிப்பட்ட நாளில் இருந்துதான் எண்ணணும்னு நீதிமன்றம் எடுத்துக்கிட்டது.

ஒண்ணு கவனிங்க. அவர் வண்டியை முதல் கையா ஷோரூம்ல வாங்கியிருந்தார். என் அத்தை பையன் வாங்க இருந்த வண்டியில பையை எடுத்தது கம்பெனி இல்லை. நாளைக்கு ஏதாவது ஆனா அவனால கம்பெனி மேல ஒரு நோட்டீஸ்கூட அனுப்ப முடியாது.

கம்பெனியே "கொண்டுவாங்க" என்று கூப்பிடும்போது

ரீகால்னு கேள்விப்பட்டிருப்பீங்க. ஏதோ இன்ஜின் சமாசாரம்னு நினைக்காதீங்க, பல ரீகால் நாம உட்கார்ற இடத்தைச் சுத்தித்தான் நடக்குது. 2022 டிசம்பர்ல மாருதி சுசூகி 9,125 வண்டிகளைத் திரும்ப அழைச்சது. முன் சீட் பெல்ட்டின் தோள் உயரத்தை மாற்றுற பாகத்துல குறை. அடுத்த மாசமே 17,362 வண்டிகள், ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதிக்க. அதே மாசம் 11,177 கிராண்ட் விட்டாரா, பின் சீட் பெல்ட் மாட்டுற பிராக்கெட்டுக்காக. ரீகால்ல செய்ற வேலைக்கு நாம காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய கதை டகாட்டா. ஜப்பானைச் சேர்ந்த ஏர்பேக் கம்பெனி. பையை ஊத வைக்கிற இன்ஃப்ளேட்டர்ல அமோனியம் நைட்ரேட் போட்டாங்க. அது வருஷக்கணக்கா வெப்பத்துலயும் ஈரக்காற்றுலயும் இருந்தா கெட்டுப்போகுது. அப்புறம் மோதல் நடக்கும்போது தேவைக்கு மேல வேகமா எரிஞ்சு, உலோகக் கூட்டையே வெடிக்க வச்சு, துண்டுகளை ஓட்டுநர் மேல வீசுது. உலகம் முழுக்க சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாச்சு. 2017 ஜூன்ல கம்பெனி திவால். அமெரிக்காவுல ஃபுளோரிடா மாதிரி வெயிலும் ஈரமும் சேர்ந்த பகுதிகளைத்தான் முதல்ல சரிசெய்யச் சொன்னாங்க. கடலூர் மாவட்டத்துக் காரனா இதைப் படிச்சப்போ எனக்கு மே மாச நெய்வேலிதான் ஞாபகம் வந்தது.

இந்தியாவுலயும் இது நடந்தது. 2018 ஜனவரியில் ஹோண்டா மட்டும் 2013ல் தயாரிச்ச 22,834 கார்களை இதுக்காக அழைச்சது, பெரும்பாலும் சிட்டி. அந்த வயசுக் கார்கள்தான் இப்போ மூணாவது, நாலாவது கைக்கு வருது. ரீகால் கடிதம் பழைய ஓனர் முகவரிக்குப் போயிருக்கும். அதனால ஆர்சியில் இருக்கிற 17 இலக்க சேசிஸ் நம்பரை எடுத்துக்கிட்டு, அந்தந்தக் கம்பெனியின் வெப்சைட்ல ரீகால் பக்கத்துல போட்டுப் பாருங்க. இல்லைன்னா சர்வீஸ் சென்டர்ல கேளுங்க.

சட்டமும் இருக்கு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்துல 110ஏ பிரிவு. அதன்படி வந்த விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல். 7 வயசுக்கு உட்பட்ட வண்டியில் பாதுகாப்புக் குறைன்னா வாகன் தளத்துல புகார் செய்யலாம். புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினா அரசே ரீகாலுக்கு உத்தரவு போடலாம், கம்பெனிக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம். நீங்க ஒருத்தர் புகார் போட்டா என்ன ஆகப்போகுதுன்னு தோணும். எண்ணிக்கை சேர்ந்தாதான் எதுவும் நடக்கும், அதனால போடுங்க.

நாமே காசு கொடுத்து வாங்குற ஆபத்து

டவுன்ஷிப்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், உள்ளே நிழல் சாலை, ரவுண்டானா, 40ல் போறதே அதிகம். அதனால பெல்ட் போடுற பழக்கமே வராது. ஆர்ச் கேட் தாண்டி வடலூர் ரோட்டைப் பிடிச்சதும் பஸ்ஸும் லாரியும் எதிர்ல வரும், அப்பவும் போட மாட்டோம். பீப் சத்தம் தொல்லைன்னு ஒரு கிளிப் வாங்கிச் சொருகிடுவோம்.

அந்தக் கிளிப்பை விற்றதுக்காக 2023 மே மாசம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசான், ஃபிளிப்கார்ட், ஸ்னாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய 5 தளங்கள் மேல உத்தரவு போட்டது. 13,118 பட்டியல்கள் நீக்கப்பட்டன. 2021ல் மட்டும் பெல்ட் போடாம 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததா அரசு கணக்கு. அந்த ஆணையமே இன்னொரு விஷயமும் சொன்னது: இந்தக் கிளிப்பைக் காட்டி, கவனக்குறைவுன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கலாம். பெல்ட் இல்லாம மோதினா, கண் இமைக்கிற நேரத்துக்குள்ள விரிகிற பை மேல நாமே போய் விழுறோம். ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணை மட்டும்தான்.

சீட் கவர் இன்னொண்ணு. 6 ஏர்பேக் வண்டியில் பக்கவாட்டுப் பை பெரும்பாலும் சீட்டுக்குள்ளயே இருக்கும். அதைச் சுத்தி இறுக்கமா தைச்ச கவர் போட்டா பை எங்கே வெளியே வரும்? கவர் வாங்கும்போது பக்கத்துல பை கிழிச்சுக்கிட்டு வர்ற தையல் இருக்கான்னு கேளுங்க. டேஷ்போர்டுல இடது பக்கம் ஏர்பேக் மூடி மேல பிள்ளையார் சிலையை ஒட்டாதீங்க, நடுவுல வைங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார்.

அப்புறம் மேட். சிரிக்காதீங்க. 2009 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல சான்டியாகோ பக்கம் ஒரு லெக்சஸ் கார்ல, வேற மாடலுக்கான ரப்பர் மேட் ஆக்சிலரேட்டரில் சிக்கி, வண்டி நிற்காம ஓடி, உள்ளே இருந்த 4 பேரும் இறந்தாங்க. அதைத் தொடர்ந்து வந்த விசாரணைகளின் முடிவில் 2014ல் டொயோட்டா 120 கோடி டாலர் கட்டியது. மேட் மேல இன்னொரு மேட் போடாதீங்க, கொக்கி மாட்டாம விடாதீங்க.

சரி, அந்தக் கார் என்ன ஆச்சு? சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் வாங்கினோம். பை, கன்ட்ரோல் யூனிட், வயரிங், லேபர் எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்தைத் தாண்டியது. "500 ரூபாய் வேலை" என்றவர் அதைப் பார்த்ததும் 30 ஆயிரம் குறைக்கிறேன்னார். வேண்டாம்னு வந்துட்டோம்.

மூணு வாரம் கழிச்சு பண்ருட்டியில் வேற ஒரு வண்டி, 35 ஆயிரம் அதிகம். என்சிபி 50. ஆர்சியும் இன்ஷூரன்ஸும் 14 நாளுக்குள்ள அவன் பேருக்கு மாற்றச் சொன்னேன். ஓனர் - டிரைவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பழைய ஓனர் பேர்லயே இருந்தா அவனுக்கு அது வெறும் காகிதம்தான். சாவி போட்டப்போ அத்தை பின் சீட்ல பெல்ட் எங்கேன்னு தேடிக்கிட்டு இருந்தாங்க. இவன் மீட்டரையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

"எரிஞ்சு அணைஞ்சுடுச்சு அண்ணா" என்றான்.