துணியில் சிக்கும், துணியைத் தாண்டும்!

ரமணாசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்துக் குளத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப் படியிறங்கி நீர் மொள்ளும் குளங்களும் கிணறுகளும்தான் நரம்புச்சிலந்திப் புழுவுக்கு வசதி. நோயாளி கால் நனைத்தால் புண்ணிலிருந்து புழுக்குஞ்சுகள் நீரில் இறங்கும். சைக்ளாப்ஸ் என்னும் நீர்த்தெள்ளு அவற்றை விழுங்கும். அந்நீரைக் குடித்தவர் உடலில் ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளப் புழு!

மருந்தில்லை, தடுப்பூசியும் இல்லை. ஆனால், தெள்ளு சுமார் 1 மி.மீ.; நெருக்கமாக நெய்த துணியின் கண்ணில் நுழையாது. தமிழகத்திலும் இருந்த இந்நோயின் கடைசி இந்திய நோயாளி 1996இல் ராஜஸ்தானில் காணப்பட்டார்.

சீதபேதி தரும் அமீபாவின் கூடோ 0.01 மி.மீ. அளவே. துணி அதற்குத் திறந்த கதவு. குழாய்நீரின் குளோரினுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும். கொதிநீரில் சாகும். பாத்திரத்தின் அடியில் முதலில் எழும் குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று. அதைக் கண்டு அடுப்பை அணைக்காதீர்கள். தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கட்டும்.