கரண்ட் பில்: கட்டுமுன் கணக்குக் கேளுங்கள்

தனியே வசிக்கும் வயதான பெற்றோரின் வீட்டுக்கு, வழக்கமாக ஆயிரத்துச் சொச்சம் வரும் கரண்ட் பில் திடீரென்று நாலாயிரம், ஐயாயிரம் என்று வந்துவிடுகிறது. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். கைபேசியை எடுத்து, இணைப்பு எண்ணைத் தட்டி, இரண்டு நிமிடத்தில் கட்டிவிடுகிறார்கள். ‘நான் பாத்துக்கறேன்மா, நீங்க கவலைப்படாதீங்க’ என்று ஒரு வார்த்தை. அன்பில் குறையில்லை. ஆனால் யூனிட் ஏன் கூடியது என்ற கேள்வி அத்துடன் முடிந்துபோகிறது. அடுத்த பில்லும் அதேபோல் வந்தால், ‘போன தடவை பேசாமல் கட்டினீர்களே’ என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்பார்கள். பெரியவர்களுக்குப் பணம் கட்டிக் கொடுப்பதைவிடக் கணக்குக் கேட்டுக் கொடுப்பதே பெரிய உதவி என்பது என் வாதம்.

கணக்கு என்றால் ரூபாய்க் கணக்கு அல்ல, யூனிட்டும் தேதியும். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால் ரூபாயைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. 2024 ஜூலையில் வந்த விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை உள்ள வீட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், பிறகு 400 வரை 4.70, அதன்பின் 6.30. 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 சலுகை போய்விடும். மேலே செல்லும் யூனிட்டுகள் 8.40-இல் தொடங்கும். நாளுக்கு 8 யூனிட் செலவாகும் வீட்டில் 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். ரீடிங் எடுப்பவர் எட்டு நாள் தாமதமாக வந்தால் 544 யூனிட், ஏறத்தாழ 2,410 ரூபாய். அடுத்த முறை நாள் குறைந்து பில்லும் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு பில்லையும் கூட்டினால் 327 ரூபாய் கூடுதலாகவே போயிருக்கும், அதுவும் விளக்கு ஒன்றுகூட அதிகமாக எரியாமல். 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்காமல் விட்டு நான்கு மாதத்துக்குச் சேர்த்துக் கணக்கிட்டபோது நீதிமன்றம் வரை போன சண்டையும் இதே இடத்தில்தான்: முன்பு கட்டியதை ரூபாயாகக் கழிப்பதா, யூனிட்டாகக் கழிப்பதா? சென்னை உயர் நீதிமன்றம் மின்வாரியத்தின் ரூபாய்க் கணக்கையே ஏற்றது. தோற்ற வழக்குதான், ஆனாலும் எதை வைத்து வாதாட வேண்டும் என்பதை அது காட்டியது.

ஆகவே, பில் அதிகம் என்றதும் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு ரீடிங் தேதிகளும், பில்லில் உள்ள கடைசி ரீடிங்கும் இப்போது மீட்டரில் ஓடும் எண்ணும். மீட்டரில் இருப்பதைவிடப் பில்லில் கூடுதலாக இருந்தால் தவறு அங்கேயே தெரிந்துவிடும். வீடு பூட்டியிருந்ததாக எழுதி, பழைய சராசரியைப் போட்டிருக்கிறார்களா என்பதும் தெரிய வேண்டும். இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் வீட்டுக்குள் போக வேண்டும். எல்லா சுவிட்சையும் அணைத்து, பிரிட்ஜ், இன்வெர்ட்டர் பிளக்குகளையும் கழற்றிய பிறகு மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ மின்கசிவு இருக்கிறது, அல்லது மாடிப்படி விளக்கோ குடித்தனக்காரர் மோட்டாரோ இந்த இணைப்பில் ஓடுகிறது. மெயினையே இறக்கிய பிறகும் சிமிட்டினால் மீட்டரையும், மெயினுக்கு முந்தைய வயரையும் சந்தேகிக்கலாம். பெரியவர்கள் வீட்டுக்கென்றே சில காரணங்கள் உண்டு. வயதான இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறி முடியாமல் நாள் முழுக்க மின்சாரம் இழுக்கும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் 300 வாட் இயந்திரம் என்றாலும், இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 7 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்தில் 430 யூனிட் அதற்கே போய்விடும்.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுப்பு, ‘கட்டாமல் இழுத்தால் பீஸைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்பது. நியாயமான பயம், ரீடிங் எடுத்த 20 நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதே இங்கு நடைமுறை. ஆனால் மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆவது பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது. கேட்கப்பட்ட தொகை, முந்தைய ஆறு மாதத்தில் கட்டிய கட்டணத்தின் சராசரிப்படி வரும் தொகை, இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால் தகராறு முடியும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. துண்டிப்பதானாலும் 15 நாள் எழுத்துபூர்வ நோட்டீஸ் வேண்டும். ‘ஆட்சேபத்துடன்’ என்ற சொல் பணம் கட்டும்போது கொடுக்கும் கடிதத்தில் இருப்பது முக்கியம். இன்று இரவே மின்சாரம் துண்டிக்கப்படும் என்று முன்பின் தெரியாத எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் அது மோசடி என்பதற்கும் இதே சட்டம்தான் அத்தாட்சி. அந்த வலையில் பெரியவர்கள் விழுவது, நோட்டீஸ் இல்லாமல் துண்டிக்க முடியாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லாததால்தான்.

புகாரை 94987 94987 என்ற மின்னகம் நுகர்வோர் சேவை மைய எண்ணில் பதிந்தாலும், பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு எழுத்திலும் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சில் தீர்ந்தால் நல்லது. தீராவிட்டால் எழுத்துதான் நிற்கும். மீட்டர் காட்டுவது உண்மைப் பயன்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று புகார் வந்தால், ஐந்து நாளுக்குள் கூடுதலாக ஒரு சோதனை மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது மின் நுகர்வோர் உரிமை விதிகளில் மத்திய அரசு 2024-இல் செய்த திருத்தம். 2020-இல் வந்த மூல விதிகளோ, மூத்த குடிமக்களுக்கு விண்ணப்பம், பில் செலுத்துதல் போன்ற சேவைகளை வீட்டு வாசலிலேயே வழங்க ஏற்பாடு வேண்டும் என்கின்றன. கேட்காமல் இவை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. கேட்கும்போது விதியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பதிலின் தொனி மாறும். பிரிவு அலுவலகத்தில் நடக்காவிட்டால் வட்ட அளவிலான மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர்.

‘அப்பாதான் ஏசியை அணைக்க மறந்திருப்பார், இதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டுமா?’ என்பது இன்னொரு மறுப்பு. மறந்திருக்கலாம்தான். ஒன்றரை டன் ஏசி இரவெல்லாம் ஓடினால் இரண்டு மாதத்தில் 500 யூனிட் தொடுவது சாதாரணம். ஆனால் அதுவும் கணக்குப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய பதிலே தவிர, பார்க்காமலே சுமத்த வேண்டிய பழி அல்ல. ஆயிரம் ரூபாயை விட்டுக்கொடுக்கலாம். கசியும் மின்சாரத்தைக் குளியலறைச் சுவரில் விட்டுவைக்க முடியாது. அப்பா காலமாகி, இணைப்பு அவர் பெயரிலேயே இருந்தாலும் அம்மா தயங்க வேண்டியதில்லை. மின்சாரம் பெறும் இடத்தில் இருப்பவரையும் நுகர்வோர் என்றே சட்டம் சொல்கிறது. பெயர் மாற்றத்தைப் பின்னால் செய்துகொள்ளலாம். புகாரில் கையெழுத்து அம்மாவுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுங்கள், கூடப் போய் நில்லுங்கள். அடுத்த முறை ரீடிங் எடுக்க ஆள் வரும்போது வெள்ளை அட்டையில் தேதியும் எண்ணும் குறித்துத் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் மீட்டரைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள்.