பால் மரமும் பாரிஸ் உடையும்

பேராக் மாநிலத்தின் தென் எல்லையில், பெர்னாம் ஆற்றங்கரையில் அமைந்துள்ள ஊர் தஞ்சோங் மாலிம். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இங்குதான் உள்ளது. அந்தக் காலத்தில் இவ்வூரைச் சுற்றிலும், பேராங், சிலிம் ரிவர் வட்டாரங்களிலும் இரப்பர்த் தோட்டங்கள் பரவியிருந்தன. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கூடிப் பேர் கொடுத்துவிட்டு, தமிழ்த் தொழிலாளர்கள் தத்தம் நிரைகளுக்குச் சென்றனர். அதே ஆண்டுகளில், பாரிஸ் நகரின் உடை வடிவமைப்பாளர்கள் மேற்கத்தியப் பெண்களின் ஆடையை அடியோடு மாற்றிக்கொண்டிருந்தனர். தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டையும் இணைத்தது இரப்பர் இழை.

1900ஆம் ஆண்டளவில், வசதி படைத்த ஐரோப்பியப் பெண்ணின் ஆடை உடலைச் சிறைப்படுத்துவதாக இருந்தது. உள்ளே 'கோர்செட்' எனப்படும் இறுக்கமான கச்சை. அதில் திமிங்கிலத்தின் வாய்த்தகடுகளோ எஃகுப் பட்டைகளோ வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். முதுகுப்புறக் கயிற்றை இழுத்துக் கட்டினால் இடை சிறுத்து, மார்பு முன்தள்ளி, உடல் வளைந்து நிற்கும். குனிவதும் ஆழ்ந்து மூச்சு விடுவதும் கடினம். வெளியே தரையைக் கூட்டும் நீளப் பாவாடை. இத்தகைய உடையோடு வீட்டு வேலை செய்ய இயலாது. செய்யத் தேவையில்லை என்று காட்டுவதும் அந்த உடையின் நோக்கங்களுள் ஒன்றுதான்.

1903இல் பாரிஸில் தம் கடையைத் திறந்த பால் புவாரே, சில ஆண்டுகளில் கோர்செட் தேவைப்படாத ஆடைகளை வடிவமைத்தார். அவை இடையில் இறுகாமல், தோளிலிருந்து நேராகத் தொங்கின. ஆனால், 1910ஆம் ஆண்டையொட்டிக் கணுக்கால் அருகே குறுகிய பாவாடையைப் பரப்பியவரும் அவரே! அதை அணிந்தவர்கள் குட்டிக் குட்டி அடிகளாகத்தான் நடக்க முடிந்தது. இடையை அவிழ்த்தவர் காலைக் கட்டிப்போட்டார் எனலாம்.

உண்மையான மாற்றத்தை விரைவுபடுத்தியது முதலாம் உலகப் போர். ஆண்கள் போர்முனைக்குச் செல்லவே, பெண்கள் தொழிற்சாலைகளிலும் பேருந்துகளிலும் மருத்துவமனைகளிலும் வேலைக்கு வந்தனர். பாவாடை தரையை விட்டு உயர்ந்தது. அதுவரை பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்குப் பயன்பட்ட 'ஜெர்சி' என்னும் பின்னல் துணியைக் கொண்டு, கோகோ ஷானெல் பெண்களுக்கு எளிய மேலாடைகளைத் தைத்தார். அவரது எளிய கறுப்புக் கவுனின் படத்தை 1926இல் வெளியிட்ட அமெரிக்க 'வோக்' இதழ், அதை ஃபோர்டு காருடன் ஒப்பிட்டது. எல்லாருக்கும் ஏற்ற ஒரே வடிவம் என்பது அதன் பொருள். மலாயா இரப்பரைப் பொறுத்தவரை இந்த ஒப்பீடு மிகவும் பொருத்தமானது. காரின் சக்கரத்திலும் அது இருந்தது, கவுனுக்குள்ளும் இருந்தது.

கவுனுக்குள் இரப்பர் எப்படி வந்தது? 1920களில் மெலிந்து நேரான உடலே அழகு என்று கருதப்பட்டது. கோர்செட்டைக் கழற்றியவர்கள், அதற்குப் பதிலாக நெகிழும் பட்டைகள் வைத்த உள்ளாடையால் இடுப்பை அடக்கினர். காலுறையைப் பிடித்து நிறுத்தவும் நெகிழும் பட்டை தேவைப்பட்டது. துணியும் இரப்பரும் சேர்ந்த காலணிகளும் பரவின. அமெரிக்காவில் 1916இல் 'கெட்ஸ்' காலணி விற்பனைக்கு வந்தது. இரப்பரின் பெரும்பகுதி வாகனச் சக்கரங்களுக்கே போனது என்பது உண்மை. ஆயினும், உடையில் சேர்ந்த அந்தச் சிறு பகுதி, உடுத்துபவர் குனிந்து நிமிரும் விதத்தையே மாற்றியது.

1877இல் கோலாகங்சாரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளிலிருந்து பேராக்கின் இரப்பர் வரலாறு தொடங்குகிறது. 1920களில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது. மரத்தைச் சீவி, மங்கில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, தொழிலாளர்கள் தோட்டத்து ஸ்டோருக்குக் காண்டா கட்டிச் சுமந்தனர். அங்கே அமிலம் விட்டுப் பாலை உறையச் செய்து, உருளையில் தகடாக்கி, புகையில் உலர்த்தினர். அந்த இரப்பர் இரயிலேறித் துறைமுகம் சேர்ந்தது.

தோட்டத்திலும் மேற்கத்திய உடை இருந்தது; ஆனால், அது பதவியின் அடையாளமாக இருந்தது. வெள்ளை அல்லது காக்கி உடையும் வெயில் தொப்பியும் துரைக்கு உரியவை. கிராணி சட்டையும் காற்சட்டையும் அணிந்தார். கங்காணியோ வேட்டியை விடவில்லை. அதன் மேல் கோட்டு போட்டு, தலைப்பாகை கட்டிக்கொண்டார். அந்தக் கோட்டு ஒன்றே அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டியது. பால் வெட்டும் பெண்கள் பழைய துணியைத் தலையில் கட்டி, கொசுவுக்கும் பால் கறைக்கும் அஞ்சிக் கையையும் மூடிக்கொண்டனர். துணியில் பட்ட இரப்பர்ப் பால் காய்ந்து கறுத்துவிடும், துவைத்தாலும் போகாது.

தொடக்கத்தில், இரப்பர்த் தகட்டை மெல்லியதாக அறுத்தே இழை எடுத்தனர். தகட்டின் நீளத்துக்கு மேல் இழை நீளாது. பிறகு, பால் உறையாமலிருக்க அம்மோனியா கலந்து, நீர்ம நிலையிலேயே கப்பலில் அனுப்பும் முறை வளர்ந்தது. பாலை நுண்துளை வழியே செலுத்தினால், உருண்டையான, அறுபடாத நீண்ட இழை கிடைத்தது. அதன் மேல் பருத்தி அல்லது பட்டு நூலைச் சுற்றி உருவாக்கியதே 1931இல் அமெரிக்காவில் அறிமுகமான 'லாஸ்டெக்ஸ்'. நீச்சலுடை உடலோடு ஒட்டியது. உள்ளாடை எலும்பும் எஃகும் இன்றி நின்றது. கடைகளில் அது பெரும் வரவேற்பைப் பெற்றது.

அதே வேளையில் மலாயாவில் நிலைமை வேறு. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியால் இரப்பர் விலை சரிந்தது. கூலி குறைக்கப்பட்டது, வேலையிழந்த பல்லாயிரம் தொழிலாளர்கள் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நெகிழும் துணியைக் கொண்டாடிய விளம்பரங்களில் இந்தப் பயணிகளுக்கு இடமில்லை. உடை வரலாற்று நூல்களும் பெரும்பாலும் பாரிஸின் பெயர்களையே பேசுகின்றன. பாலின் கதை தோட்ட வரலாற்றில் தனியாகக் கிடக்கிறது.

வெப்பமும் எண்ணெய்ப் பசையும் பட்டால் இரப்பர் இழை நொய்ந்து அறுந்துவிடும். 1958இல் அமெரிக்காவின் டூபோண்ட் நிறுவனத்தில் 'ஸ்பான்டெக்ஸ்' என்னும் செயற்கை இழை உருவாக்கப்பட்டது. அது மரத்திலிருந்து வருவதன்று. பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து பெறப்படுவது. இன்று உடலோடு ஒட்டி நெகிழும் விளையாட்டுடைகளில் பெரும்பாலும் அந்த இழையே இருக்கிறது. அடுத்து வந்த ஆண்டுகளில், தஞ்சோங் மாலிம் வட்டாரத்துப் பால் மரங்களில் பலவும் வெட்டப்பட்டு, அந்த இடங்களில் செம்பனை நடப்பட்டது.