விதையைப் பதிவு செய்ய எந்தக் கேமரா? பழைய கேமரா இரண்டு: ஓர் ஒப்பீடு

விருத்தாசலத்துக்குப் பழமலை என்று இன்னொரு பேர் உண்டு. வெளியூர்க்காரங்க இங்கே வந்தா பழமலைநாதர் கோயிலைப் பார்ப்பாங்க, பீங்கான் பொம்மை வாங்கிட்டுப் போவாங்க. உழவர்களுக்கு இந்த ஊர் வேறொரு வகையில பழக்கம். வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் நிலக்கடலை, எள், முந்திரி ரகங்கள் இருக்குதே, அந்த மூணு எழுத்து விருத்தாசலத்தைக் குறிப்பதுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இங்குள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் வயது என்ன, செடி எப்படி, பருப்பு என்ன நிறம் என்று எழுத்தில பதிவு இருக்கு.

நம்ம வீட்டுக் குதிரிலும் பானையிலும் இருக்கிற விதைக்கு அப்படி ஒரு பதிவு இருக்குதா? பெரும்பாலும் பேர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பேரும் ஊருக்கு ஊர் மாறும். ஒரே பேர்ல ரெண்டு ஊர்ல ரெண்டு நெல், ஒரே நெல்லுக்கு ரெண்டு பேர். கைமாறும்போது விதை கலந்துபோனா, எது அசல் என்று எடுத்துக் காட்ட நம்மகிட்ட ஒண்ணும் இல்ல.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001, உழவர்கள் தங்கள் ரகத்தைத் தங்கள் பேரிலேயே பதிவு செய்ய வழி கொடுத்திருக்கு. உழவருக்குக் கட்டண விலக்கும் உண்டு. ஆனா இந்த ரகம் மத்த ரகத்திலிருந்து எப்படி வேறுபடுதுன்னு நாமதான் சொல்லணும். அதுக்குக் குறிப்பேடும் வேணும், தெளிவான படமும் வேணும். படத்துக்குப் புதுக் கேமரா வாங்கப் பணம் கொட்ட வேண்டியதில்ல. பழைய கேமரா சந்தையில நல்ல நிலையில சுத்திக்கிட்டிருக்கிற ரெண்டு கேமராக்களை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம்: நிக்கான் டி90, கேனான் 600டி.

செல்போன் போதாதா?

பல வேலைக்குப் போதும். மழையில பயிர் சாய்ஞ்சா செல்போன்தான் சரி. பயிர்க் காப்பீட்டுல தனி வயல் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். இடம், நேரத்தோட படம் எடுக்க செல்போன்தான் வசதி. இந்த ரெண்டு கேமராவிலும் இடம் காட்டும் வசதி உள்ளே கிடையாது.

விதை, பூச்சின்னு வரும்போது செல்போன் தடுமாறும். பச்சையை இன்னும் பச்சையாக்கும், சிவப்பரிசியை அடர்த்தியாக்கும், நெல்லோட மீசையைத் தானே தீட்டி வேற மாதிரி காட்டும். பார்க்க அழகா இருக்கும், ஆனா பதிவுக்கு அது உண்மை இல்ல. எஸ்.எல்.ஆர். கேமராவில நிறத்தையும் வெளிச்சத்தையும் நாமே நிறுத்தி வைக்கலாம். போன வருசம் எடுத்த படத்தையும் இந்த வருசம் எடுத்த படத்தையும் பக்கத்துல வச்சு ஒப்பிட அது அவசியம்.

ரெண்டு கேமராவும் ஒரு பார்வையில்

நிக்கான் டி90: 2008 ஆகஸ்டில் அறிமுகம். 12.3 மெகாபிக்சல். நொடிக்கு 4.5 படம். அசையாத திரை. பாட்டரியோட எடை சுமார் 700 கிராம். வீடியோ எடுத்த முதல் எஸ்.எல்.ஆர். இதுதான், ஆனா 720 தரம், ஒரு தடவைக்கு 5 நிமிடம் மட்டும்.

கேனான் 600டி: 2011 பிப்ரவரியில் அறிமுகம். 18 மெகாபிக்சல். நொடிக்கு 3.7 படம். வெளியே இழுத்துத் திருப்புற திரை. பாட்டரியோட எடை 570 கிராம். 1080 தர வீடியோ, ஒரு தடவைக்கு சுமார் 12 நிமிடம். தனி மைக் செருக இடம் உண்டு.

மெகாபிக்சலைப் பார்த்து மயங்க வேண்டாம். டி90 படம் 4288 புள்ளி அகலம். அச்சுத் தரத்துல, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்குல, 14 அங்குலம் வரும். ஏ4 தாளோட நீளமே 11.7 அங்குலம்தான். விதைத் திருவிழாவில வைக்கிற அட்டைக்கு ரெண்டுமே தாராளம். வேறுபாடு வேலையிலதான் இருக்கு.

விதைக்கும் கதிருக்கும்

இந்த வேலையில டி90 ஒரு படி முன்னால நிக்குது. காரணம் லென்ஸ். நிக்கானில சில மலிவான மாடல்களுக்குள்ள குவிக்கிற மோட்டார் கிடையாது, டி90-க்குள்ள இருக்கு. அதனால மோட்டார் இல்லாத பழைய 'டி' வகை லென்ஸ்களும் இதுல தானாகக் குவியும். அந்தப் பழைய 50 மி.மீ. லென்ஸ்ல இன்னொரு நன்மை, ஒளித் துளையை மாத்துற வளையம் லென்ஸ் மேலேயே இருக்கு.

இந்த வளையத்தால என்ன லாபம்? கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில வெற்றுக் குழாய் வைச்சா கிட்டப் போய் படம் எடுக்கலாம். 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் போட்டா, பொருள் எவ்வளவு பெருசோ அதே அளவுல உள்ளே பதியும். டி90-ல மின் இணைப்பு இல்லாத மலிவான குழாயே போதும். வளையத்தைக் கையால திருப்பிக்கலாம். வெளிச்ச அளவை மட்டும் நாமே 'எம்' நிலையில ரெண்டு மூணு தடவை பார்த்து வைக்கணும். கேனான் லென்ஸ்ல அந்த வளையம் இல்ல. வெற்றுக் குழாய் போட்டா துளை முழுசா திறந்தே நிக்கும், நெல்லோட நுனி தெரிஞ்சா அடி மங்கிடும். அதனால 600டி-க்கு மின் இணைப்பு உள்ள குழாய்தான் வாங்கணும், விலை கூடும். பணம் இருந்தா ரெண்டுக்குமே 60 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருக்கு, குழாயே வேண்டாம்.

எந்தக் கேமராவா இருந்தாலும் முறை ஒண்ணுதான். விருத்தாசலம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி: பீங்கான் பட்டறையில, முதல் சூளை ஏறி இன்னும் கிளேஸ் பூசாத வெள்ளைத் தகடு ஒண்ணு கேட்டு வாங்குங்க. கிளேஸ் பூசின தட்டு பளபளத்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பூசாத தகடு அப்படிச் செய்யாது. லேசா மஞ்சள் ஓடியிருந்தாலும் பரவாயில்ல. எல்லா விதைக்கும் அதே தகடு, அதுதான் முக்கியம்.

நேர் வெயில் வேண்டாம். வெள்ளை வேட்டியை நாலு கம்புல கட்டி, அதுக்குக் கீழே தகட்டை வைங்க. முதல்ல வெறும் தகட்டைப் படம் எடுத்து, அதை வச்சே வெள்ளை நிறத்தை நிறுத்துங்க. ரெண்டு கேமராவிலும் இந்த வசதி உண்டு. கேமரா வெள்ளையைப் பார்த்தா சாம்பல் நிறமா இருட்டடிக்கும், அதனால வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைக்கணும். துளை எஃப் 8 அல்லது எஃப் 11. கேமரா முக்காலி மேல இருக்கட்டும், 2 நொடி டைமர் போடுங்க, கை நடுக்கம் வராது.

ஒரு ரகத்துக்கு ஆறு படம்: முழுத் தூர், கதிர், உமியோட நெல், அரிசி, நெல்லும் அரிசியும் அளவுகோலோட, கடைசியா விவரச் சீட்டு. காசு, தீப்பெட்டி வேண்டாம், மில்லிமீட்டர் போட்ட இரும்பு அளவுகோல் வைங்க. சீட்டுல ரகத்தின் பேர், ஊர், விதைச்ச தேதி, பூத்த தேதி, விதை யார்கிட்டருந்து வந்தது எல்லாம் இருக்கணும். நெல் பூவும் எடுக்கணும்னா காலை 9 மணிக்கு மேல 11.30-க்குள்ள வயல்ல இருக்கணும். உமி திறந்து கொஞ்ச நேரத்துல மூடிக்கும்.

பூச்சிக்கும் நோய்க்கும்

இங்கே 600டி முந்துது. திரையை வெளியே இழுத்து மேலே பார்த்தபடி திருப்பலாம். நிலக்கடலையில விழுது இறங்குறதை எடுக்க கேமராவைத் தரையில வச்சிட்டு, நாம குத்தவச்சு உட்கார்ந்தே பார்த்துக்கலாம். டி90-ல பாத்தியில படுக்கணும். முந்திரியில இலைகளைச் சேர்த்துத் தைச்சு முசுறு எறும்பு கட்டின கூடு தலைக்கு மேல இருக்கும். கையை உயர்த்தி, திரையைக் கீழே சாய்ச்சு எடுக்கலாம். முந்திரித் தளிரையும் பூவையும் கருக்குற தேயிலைக் கொசுவை இந்த முசுறு பிடிச்சுத் தின்னும். அந்த எறும்பைக் கொல்ல மருந்தடிக்கிற பக்கத்துத் தோட்டக்காரருக்குக் காட்ட இப்படி ஒரு படம் பத்துப் பேச்சுக்குச் சமம்.

நோய்ப் படம்னா இலையோட ரெண்டு பக்கமும் வேணும். நிலக்கடலையில முன்பருவ இலைப்புள்ளிக்கு மேல்பக்கம் மஞ்சள் வளையம் தெளிவாத் தெரியும். பின்பருவ இலைப்புள்ளி கீழ்ப்பக்கம் கரி மாதிரி கறுத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் எடுத்து அனுப்பினா பார்க்கிறவர் ஊகிக்கத்தான் முடியும். வாட்ஸ்அப்ல அனுப்பும்போது படமா அனுப்பாதீங்க, 'டாக்குமெண்ட்' என்று அனுப்புங்க. இல்லன்னா சுருங்கி நுணுக்கம் போயிடும்.

பூச்சி எடுக்க விடியற்காலைதான் நேரம். பனியில நனைஞ்ச தட்டானும் பொறிவண்டும் வெயில் ஏறும் வரைக்கும் அசையாது. ஆனா ரொம்ப ஆசைப்பட வேண்டாம். அரை மில்லிமீட்டர் இருக்கிற முட்டை ஒட்டுண்ணிக் குளவி, உயிரளவுல எடுத்தாலும் டி90-ல சுமார் 90 புள்ளி நீளம்தான் வரும், 600டி-ல 116. இருக்குதுன்னு தெரியும், என்ன இனம்னு சொல்ல முடியாது.

வயல்ல நட்ட பறவைத் தாங்கியில கரிச்சான் வந்து புழு பிடிக்கிறதை எடுக்க விரும்பினா மட்டும் டி90 நல்லது. நொடிக்குக் கூடுதல் படம், குவிக்கும் புள்ளி 11, கேனானில 9.

வீடியோவுக்கு

இதுல போட்டியே இல்ல, 600டி. அமுதக்கரைசல் தயாரிக்கிறதை ஒரு அம்மா சொல்லிக் கொடுக்கிறாங்கன்னு வைங்க. படம் கொஞ்சம் மங்கினாலும் பொறுத்துக்கலாம், பேச்சு கேட்கலன்னா அந்தப் பதிவு வீண். வயல்காத்துல கேமரா உள் மைக் வெறும் இரைச்சலைத்தான் பதியும். 600டி-ல சட்டையில குத்துற மைக்கைச் செருகி ஒலி அளவையும் நாமே வைக்கலாம். டி90-ல மைக் செருக இடமே இல்ல. வீடியோ ஓடும்போது அது தானாகக் குவியவும் குவியாது.

மைக் வாங்கும்போது செருகி முனையைப் பாருங்க. மூணு கறுப்பு வளையம் இருந்தா அது செல்போனுக்கு. கேமராவுக்கு ரெண்டு வளையம் உள்ளது வேணும். டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்தா 25 பிரேம், வேகம் 50-ல் ஒரு பங்கு என்று வைங்க, படம் மினுக்காது.

பழசு வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மாடு வாங்கும்போது பல்லைப் பார்க்கிற மாதிரி இதுக்கும் சில சோதனை இருக்கு.

• ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளுங்க. டி90 ஒரு லட்சம் தடவைக்குச் சோதிச்ச கேமரா. நிக்கான் படக் கோப்பிலேயே அந்த எண் பதிஞ்சிருக்கும். 600டி-ல கோப்பைப் பார்த்துத் தெரியாது, கணினியில இணைச்சுத்தான் பார்க்கணும்.

• லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி நூல் தெரிஞ்சா பூஞ்சணம், வேண்டாம்னு வச்சிடுங்க.

• வெள்ளைச் சுவரை எஃப் 16-ல எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. கறுப்புப் புள்ளிகள் தூசி, துடைச்சா போகும். மூடி போட்டு எடுத்த படத்துல வர்ற வண்ணப் புள்ளிகள் போகாது.

• டி90-ல பிடிக்கிற இடத்து ரப்பர் ஊதிக் கழன்றிருக்கும். ஒட்டிக்கலாம், ஆனா விலையைக் குறைச்சுக் கேட்கலாம்.

• பழைய பாட்டரி பாதிதான் நிக்கும். புதுசில டி90 ஒரு சார்ஜுக்கு 850 படம், 600டி 440 என்பது கணக்கு. இன்னொரு பாட்டரி கட்டாயம்.

• டி90-க்கு 32 ஜி.பி. வரைக்கும் உள்ள கார்டுதான் சேரும். 64 போட்டா படிக்காது.

வாங்கின பிறகு, மூடி இறுக்கமான டப்பாவில சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க, முக்கியமா ஐப்பசி, கார்த்திகையில. விதைக்குச் சாம்பல் போடுறோமேன்னு கேமராவுக்கும் போட்டுடாதீங்க; தூசிதான் அதுக்கு முதல் எதிரி.

யாருக்கு எது?

விதை சேகரிப்பாளர், விதை வங்கி நடத்துறவங்க, விற்பனைக்கு அரிசி, பருப்பு படம் எடுக்கிறவங்க: டி90, பழைய 50 மி.மீ. லென்ஸ், வெற்றுக் குழாய், ஒரு முக்காலி. பயிற்சி நடத்துறவங்க, பூச்சி, நோய் பார்க்கிறவங்க, வீடியோ போடுறவங்க: 600டி, அதோட வர்ற லென்ஸ், ஒரு மைக். ரெண்டு வேலையும் இருக்கிற குழு ஒண்ணுதான் வாங்க முடியும்னா 600டி-யை எடுத்து, மின் இணைப்புள்ள குழாயைப் பிறகு சேர்த்துக்கலாம். தனித்தனியா ஆளுக்கொண்ணு தேவையே இல்ல. ஒரு வட்டாரக் குழுவுக்கு ஒண்ணு போதும், நெல் நடவுக் கருவி மாதிரி முறை வைச்சுக்கலாம்.

கதிர் முத்தி நிக்கிறது சில நாள்தான். அறுத்துட்டா அடுத்த பட்டம் வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குள்ள அந்த விதையை வச்சிருக்கிற பெரியவர் இருப்பாரா, விதை இருக்குமான்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. கேமரா கைக்கு வரும் வரை செல்போன்லயாவது சீட்டும் அளவுகோலும் வச்சு இந்தப் பட்டத்திலேயே தொடங்குங்க. எடுத்த படங்களை ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க, விதையை ரெண்டு வீட்டுல பிரிச்சு வைக்கிற மாதிரி.