உச்சிவெயிலும் உருமாலையும்

சித்திரை பிறந்துவிட்டால் ஈரோட்டு வெயிலைப் பற்றி நாம் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024-ம் வருஷக் கோடையில் அங்கே உஷ்ணம் 42 டிக்ரி சென்டிகிரேடையும் தாண்டிற்று. கோயமுத்தூருக்குப் பாலக்காட்டுக் கணவாயின் காற்றாவது உண்டு. காவிரிக்கரைச் சீமைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. மின்விசிறிக்கடியில் அமர்ந்து இதை வாசிக்கும் கனவான்கள், இதே நேரத்தில் சாலைக்குத் தார் போடுகிறவர்களையும், கல் உடைக்கிறவர்களையும், எழும்பும் கட்டடத்தின் மேல்தளத்தில் செங்கல் சுமக்கிற பெண்களையும் ஒரு நிமிஷம் நினைக்க வேண்டுகிறோம். அவர்களுடைய தலைக்கும் வெயிலுக்கும் நடுவே இருப்பது ஒரு துண்டுதான்.

அந்தத் துண்டை அற்பமாக எண்ண வேண்டாம். கொங்கு நாட்டுக் குடியானவன் கட்டும் உருமாலை அநுபவத்தால் விளைந்த சாஸ்திரம். பருத்தித் துணியின் மடிப்புகளுக்குள் காற்று தங்கி வெயிலைத் தடுக்கிறது. தொங்கவிட்ட முனை பிடரியை மறைக்கிறது. துணியை நனைத்துக் கட்டினால், மண்பானை நீரைக் குளிரச் செய்யும் அதே முறையில், ஈரம் உலரும்போது உஷ்ணத்தையும் கொண்டு போகிறது. வேலைக்குப் போகும் நமது பெண்கள் சேலைக்கு மேல் ஆடவரின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையோடு கழுத்தையும் துண்டால் மூடிக்கொள்வதும் இதே விவேகத்தினால்தான்.

நம்மை ஆண்ட வெள்ளையரும் வெயிலுக்கு அஞ்சினார்கள். நமது ஏரிகளில் விளையும் நெட்டியைக் கொண்டே தொப்பி செய்து அணிந்து, தங்கள் தலையைக் காத்துக்கொண்டார்கள். ஆனால் அதே வெயிலில் அவர்களுக்குத் தண்டவாளம் போட்ட கூலியின் தலை ‘பழகிய தலை’ என்று விட்டுவிட்டார்கள். அந்த எண்ணமும் 1947-ல் அவர்களோடு கப்பலேறிற்றா? இல்லை என்பதே நமது துக்கம். ‘அவனுக்கென்ன, வெயிலிலே பிறந்து வளர்ந்தவன்’ என்ற பேச்சை இன்றும் கேட்கிறோம். தேகம் சிறிது சிறிதாக உஷ்ணத்துக்குப் பழகும் என்பது உண்மையே. ஆனால் பழகிய தேகமும் வியர்த்துத்தான் குளிர வேண்டும். வியர்க்க நீர் வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இதைவிட வெட்கப்பட வேண்டிய விஷயமும் ஒன்று இருக்கிறது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட நமது சகோதரர்கள், மேல்ஜாதியார் எதிர்ப்படும்போது தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற கொடுமை நமது கிராமங்களில் இருந்தது. எவன் பகலெல்லாம் வெயிலில் நின்றானோ, அவனுடைய தலையையே மரியாதையின் பேரால் திறக்கச் சொன்னோம். அந்த வழக்கத்தின் எச்சம் எந்த வரப்பில் இருந்தாலும் அதை ஒழிப்பது சட்டத்தின் கடமை மட்டுமன்று, நம் ஒவ்வொருவரின் கடமையாகும். தலையை மூடிக்கொள்வது உழைப்பவனின் உரிமை.

ஆயினும் துண்டு ஒன்றே போதும் என்று சொல்லிக் கை கழுவுகிறவர்களை நாம் எச்சரிக்கிறோம். ஈரத்துணி கழுத்துக்குச் சுகம் தரும். ஆனால் தேகத்தின் உள்ளுஷ்ணம் அதே அளவுக்கு இறங்கிவிடுவதில்லை. அந்தச் சுகத்தை நம்பி ஓயாமல் உழைக்கிறவன், ஆபத்தை அறியாமலே அதற்குள் நுழைகிறான். தேக உஷ்ணம் 40 டிக்ரியைத் தாண்டிப் பேச்சு தடுமாறினாலோ, நினைவு தப்பினாலோ, அது உயிருக்கு ஆபத்தான வெப்பவாதம். உடனே நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் நீரை ஊற்றி, விசிறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். நினைவற்றவர் வாயில் எதையும் புகட்டலாகாது.

2024-ம் வருஷம் அக்டோபரில் தமிழ்நாடு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று விதித்தது. இதை மனமார வரவேற்கிறோம். ஆனால் விதவையின் கையில் வைக்கும் பணத்தைவிட, புருஷனை உயிரோடு வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு மேலல்லவா? வாளையாற்றுக்கு அப்பால், கேரளத்தில், கோடைதோறும் நேர்வெயிலில் உழைப்பவர்களுக்கு மத்தியானம் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு என்று தொழில் இலாகா உத்தரவிடுகிறது. ஆற்றுக்கு அப்பால் நியாயமானது இப்பால் அநியாயமாகிவிடுமா?

ஓய்வுக்குக் கூலி பிடிக்கக் கூடாது. பிடித்தால் எந்த ஏழையும் ஓயமாட்டான். விடியலில் வேலை தொடங்கட்டும். வேலையிடத்தில் பந்தலும் குடிநீரும் இருக்கட்டும். தலைக்கவசம் அவசியமான இடங்களில், அதற்கடியில் மெல்லிய பருத்தித் துணியையும், பிடரிக்கு ஒரு மறைப்பையும் முதலாளியே கொடுக்கட்டும். சென்னிமலைத் தறிகளில் நெய்யும் துண்டுகளை வாங்கினால் நெசவாளியும் பிழைப்பான்.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கோடையில் உங்கள் ஊரில் நடக்கும் வேலை ஒன்றையாவது உச்சிப் பொழுதில் போய்ப் பாருங்கள். அங்கே நிழலும் நீரும் இல்லையானால் கேளுங்கள். கிடைக்கும் வரையில் கேளுங்கள். உழைப்பாளியின் தலை காயும் நாட்டில் சுதந்திரக் கொடியின் நிழல் முழுமையாக விழுந்துவிட்டதென்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.