கம்ப்ரசர் மோட்டார் யாருக்கு ஏற்றது?

மாசி பிறந்துவிட்டால் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி போர்வெல் பற்றித்தான். தாராபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "600 அடி போர். தண்ணீர் 300 அடியில் நிற்கிறது. 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார் அரை மணி நேரம்கூட ஓடுவதில்லை, தண்ணீர் அற்றுவிடுகிறது. மணலும் வருகிறது. இரண்டு வருடத்தில் இரண்டு முறை காயில் கட்டியாயிற்று. கடைக்காரர் 10 எச்.பி. கம்ப்ரசர் போடச் சொல்கிறார். கடன் வாங்கிப் போடலாமா?"

கம்ப்ரசர் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மேலே இருந்து ஒரு குழாயில் காற்றை அடித்துப் போரின் அடியில் விடுகிறது. காற்றுக் குமிழி கலந்த தண்ணீர் எடை குறைந்துவிடும். சுற்றியுள்ள தண்ணீரின் கனம் அதை டெலிவரி குழாய் வழியாக மேலே தள்ளும். போருக்குள் இறங்குவது வெறும் குழாய்தான். சுற்றுகிற பாகம் கிடையாது, அதனால் மணல் எதையும் தேய்க்காது, தண்ணீர் அற்றாலும் எதுவும் கருகாது. தொழிற்சாலைகளில் காற்றில் ஓடும் மோட்டாரையும் ஹாயிஸ்ட்டையும் வைத்திருப்பதற்கும் இதுபோன்ற காரணம்தான். பாரம் தாங்காமல் நின்றாலும் அவற்றில் எரிய காயில் இல்லை.

இந்த வசதிக்கு விலை உண்டு. 400 அடியிலிருந்து தண்ணீர் தூக்க, கொஞ்சமும் வீணாகாமல் ஓடினால், 1 எச்.பி.க்கு நிமிடத்துக்கு 37 லிட்டர் வரும். நல்ல நீர்மூழ்கி மோட்டார் இதில் ஏறக்குறைய பாதியைக் கொடுக்கும். கம்ப்ரசரோ பத்தில் ஒரு பங்கு, நன்றாக அமைந்தால் இன்னும் கொஞ்சம். மிச்சமெல்லாம் சூடாகவும் நுரையாகவும் போய்விடும். தண்ணீர் தாராளமாக, மணல் இல்லாமல் இருக்கும் போருக்குக் கம்ப்ரசர் போடுவது வீண். இலவச மின்சாரம்தானே என்று சொல்லலாம். மும்முனை மின்சாரம் வரும் நேரம் இலவசமாகக் கூடுவதில்லையே.

ஆகவே முதலில் ஊற்றை அளக்க வேண்டும். போர் போட்ட அன்று வண்டிக்காரர் சொன்ன 'ஒன்றரை இன்ச் தண்ணி' கணக்கில் சேராது. இருக்கிற மோட்டாரை ஓட்டி, தண்ணீர் அற்றுப்போகாமல் தொடர்ந்து வரும் அளவுக்குக் கேட் வால்வை மூடிக்கொண்டே வாருங்கள். பிறகு 200 லிட்டர் டிரம்மைப் பிடியுங்கள். தாராபுரத்துக்காரருக்கு டிரம் நிறைய 8 நிமிடம் ஆகிறது. நிமிடத்துக்கு 25 லிட்டர். அதற்கு மேல் எந்த மோட்டாரும் எடுக்க முடியாது, பூமி கொடுப்பதே அவ்வளவுதான்.

ஓடும்போது அவர் போரில் தண்ணீர் 400 அடிக்கு இறங்குகிறது. காற்றுக் குழாயை 580 அடியில் வைத்தால் 180 அடிதான் தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும், அதாவது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பாதியாவது மூழ்கினால்தான் கம்ப்ரசர் சுகமாகத் தூக்கும். ஆனாலும் ஓடும். தூக்குவது குறைந்தால் ஊற்று ஏறி மூழ்கும் ஆழம் கூடும். மறுபடி தூக்கும். இரண்டும் தாமாகவே ஓர் அளவில் வந்து நிற்கும்.

முக்கியமான கணக்கு இனிதான். 33 அடித் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது தண்ணீர் 300 அடியில் நிற்கிறது, குழாய்க்கு மேல் 280 அடி. அதைத் தள்ள எட்டரை கிலோ தேவை. 7 கிலோ வரை மட்டும் போகும் கம்ப்ரசரை வாங்கி இறக்கினால் ஒரு சொட்டும் வராது. இரண்டு ஸ்டேஜ் கம்ப்ரசர், 10 அல்லது 12 கிலோ தாங்குவதாக இருக்க வேண்டும்.

10 எச்.பி.? தேவையில்லை. 5 எச்.பி. போதும், நிமிடத்துக்கு 20 லிட்டரை ஒட்டி எதிர்பார்க்கலாம். மின்வாரியத்தில் கூடுதல் எச்.பி.க்கு அலைய வேண்டாம், கடனும் சுருங்கும். கடையில் கேட்க வேண்டியது எச்.பி. அல்ல, அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வரும் என்பது. பிஸ்டன் இடப்பெயர்ச்சியைச் சொல்லி ஏமாற்றுவார்கள், அது எப்போதும் பெரிய எண். 'ஃப்ரீ ஏர் டெலிவரி' எவ்வளவு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டெலிவரி குழாயையும் பெரிதாக்க வேண்டாம். குழாய் அகலமானால் காற்று தண்ணீரை விட்டுவிட்டுத் தனியாக ஏறிவிடும்.

மணல் வராத, நேரான போர் என்றால் என் பதில் வேறு: 2 எச்.பி.யில், குறைந்த தண்ணீரை அதிக உயரம் தள்ளும் நீர்மூழ்கி மோட்டார், கூடவே தண்ணீர் அற்றால் நிறுத்தும் டிரை ரன் கருவி. இவருக்கு மணல் இருப்பதால்தான் கம்ப்ரசர்.

கம்ப்ரசர் தண்ணீரை நேராகச் சொட்டுநீர் குழாயில் விட முடியாது. விட்டுவிட்டு வரும், அழுத்தமும் இருக்காது. தரைத்தொட்டியில் சேர்த்து, சின்ன மோனோபிளாக்கால் பாய்ச்ச வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். 20 லிட்டர் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 9,600 லிட்டர். தென்னைக்கு நாளுக்கு 80 லிட்டர் என்றால் 120 மரம்.

கம்ப்ரசரின் ஆயில் கொஞ்சம் காற்றோடு தண்ணீரிலும் கலக்கும். குடிக்க வேறு தண்ணீர் பாருங்கள். காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரைத் தினமும் திறந்துவிடுங்கள், துரு பிடித்த தொட்டி வெடித்தால் அருகில் நிற்பவர் பிழைப்பது கடினம். சேஃப்டி வால்வு 'புஸ்' என்கிறதென்று ஆணி அடித்து மூடும் வழக்கத்தைச் சில தோட்டங்களில் பார்க்கிறோம், அதை இன்றைக்கே கழற்றுங்கள். பெல்ட்டுக்குக் கம்பிவலை மூடி இல்லாமல் சேலைத்தலைப்போ வேட்டியோ அருகே போகக் கூடாது.